அடி படாதவரின் அடி யாருக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகள் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் இதைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு வரி என்னை இன்னமும் உறுத்துகிறது. இந்த ஆட்டத்தில் கதைதான் எல்லாம், கவசம், கேடயம் பற்றிய கணக்கையெல்லாம் ஆட்டத்தை நடத்துபவர் பார்த்துக்கொள்வார், ஆடுபவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருந்தார்.

அந்த நடத்துபவர் நான்தான். அதாவது, என்னைப் போன்றவர்கள். கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு பட்டறையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாரம் முழுக்க வெர்னியரும் கையுமாக இருப்பவள், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாலில் பாய் விரித்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். பெங்களூரில் வேலை பார்த்தபோது உடன் வேலை செய்தவர்களிடம் கற்றுக்கொண்டது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் விடவில்லை. என் மகள், அக்கா மகன், என் தம்பி, எதிர் வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன், இந்த நான்கு பேர்தான் ஆடுபவர்கள். கணக்கை நான் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டுரையாளர் சொல்கிறார். போன வருடம் அந்தக் கணக்கை நான் சரியாகப் பார்க்காததால் அந்த எட்டாம் வகுப்புப் பையன் இரண்டு சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. இதில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். மகள் ஒரு போர்வீராங்கனை, அக்கா மகன் மந்திரவாதி, எதிர் வீட்டுப் பையன் ரோக், அதாவது மறைந்து தாக்கும் திருடன், தம்பி காயம் ஆற்றும் பூசாரி. எதிரிகளை எல்லாம் நான் ஆட்டுவிப்பேன். ஒரு எதிரி வாளை வீசினால் அது படுமா படாதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை முடிவு செய்யும். பகடையில் விழுந்த எண்ணோடு எதிரியின் திறமை எண்ணைக் கூட்ட வேண்டும். எதிரே இருப்பவரின் ஆர்மர் கிளாஸை அது எட்டினால் அடி விழும், எட்டாவிட்டால் இல்லை. ஆடுபவர்கள் சுருக்கமாக ஏசி என்பார்கள். வீட்டில் ஓடும் ஏசியோடு குழம்பாமல் இருக்க நான் கவச எண் என்றே எழுதுகிறேன். ஒன்றுமே அணியாதவருக்கு அது 10, அதோடு உடல் சுறுசுறுப்புக்குக் கொஞ்சம் கூடும். சங்கிலிக் கவசம் 16. கையில் கேடயம் பிடித்தால் இன்னும் 2. பகடையில் 20 விழுந்தால் மட்டும் கவசம் எத்தனை ஆனாலும் அடி பட்டே தீரும்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நாங்கள் ஆடுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஆட ஆடப் பாத்திரங்கள் நிலை நிலையாக வளரும். எல்லோரும் ஐந்தாம் நிலைக்கு வந்திருந்தார்கள்.

என் மகளின் வீராங்கனைக்குச் சங்கிலிக் கவசம், கேடயம், தற்காப்புப் பயிற்சிக்கு ஒன்று, ஆக மொத்தம் 19. முன்னால் நின்று மற்றவர்களைக் காப்பதுதான் தன் வேலை என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். அக்கா மகன் கெட்டிக்காரன். பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கிறான், விதிப் புத்தகத்தை வரி விடாமல் படிப்பவன். அவன் மந்திரவாதியை முதல் நிலையில் போர்வீரனாக ஆரம்பித்து, அப்புறம் மந்திரத்துக்கு மாற்றினான். புத்தகம் அதை அனுமதிக்கிறது. அந்த ஒரு நிலையில் கனத்த கவசம், கேடயம், தற்காப்புப் பயிற்சி மூன்றும் அவன் கைக்கு வந்துவிட்டன. ஒரு கையில் கேடயம், மந்திரத்துக்கு இன்னொரு கை காலி. ஆக அவனுக்கும் 19. அதற்கு மேல் அவனிடம் ஷீல்டு என்று ஒரு எளிய மந்திரம். அடி படப் போகிறது என்று தெரிந்த பிறகுகூட அதைப் போடலாம். போட்டால் அவனுடைய அடுத்த முறை வரும் வரை கவச எண் 5 கூடும். 24 ஆகிவிடும்.

அன்று ஒரு பாழடைந்த கோட்டையின் படிக்கட்டில் ஆறு காப்ளின்கள், அதாவது குட்டிப் பூதங்கள். பல்லாங்குழிச் சோழிகளைத்தான் காப்ளின்களாக வைத்திருந்தேன். காப்ளினின் திறமை எண் 4. கவச எண் 19 உள்ளவரை அடிக்க அதற்குப் பகடையில் 15 விழ வேண்டும். இருபதில் ஆறு முகம், அதாவது 30 சதவீதம். 24 ஆகிவிட்டால் 20 விழுந்தால்தான் உண்டு. இருபதில் ஒரே ஒரு முகம், 5 சதவீதம். மந்திரவாதி படிக்கட்டின் நடுவில் போய் நின்றுகொண்டான். ஆறு சோழிகளும் அவனைச் சுற்றி நின்று அடித்தன. நான் உருட்டிக்கொண்டே இருந்தேன், ஒன்றும் படவில்லை. பின்னால் நின்ற என் மகளுக்கு முன்னால் வரவே இடமில்லை. அவள் செய்ய வேண்டிய வேலையை அவளைவிட நன்றாக இன்னொருவன் செய்துகொண்டிருந்தான். அதற்கு மேல் அவன் எதிரிகளைச் சிக்கவைக்கும் வலைப் பின்னல் மந்திரத்தையும் விரித்து வைத்திருந்தான்.

அந்த வலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது போன்ற பெரிய மந்திரங்களை விடாமல் பிடித்துவைக்க மனக்குவிப்பு வேண்டும். அடி பட்டால் குவிப்பு கலையலாம், அதற்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். மந்திரவாதியின் பலத்துக்கு விதிகள் வைத்திருக்கும் கடிவாளமே அதுதான். அடியே படாத மந்திரவாதிக்குக் கடிவாளமும் கிடையாது. ஷீல்டு மந்திரம் உடம்பைக் காப்பதோடு நிற்காமல் அவனுடைய மற்ற மந்திரங்களையும் சேர்த்துக் காக்கிறது.

சரி, சண்டை சுவாரசியமாக இல்லையே என்று நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அடுத்த அறையில் ஓகர் என்னும் ராட்சதர்கள் இரண்டு காத்திருந்தன, என் மகளின் பழைய செஸ் போர்டிலிருந்து எடுத்த இரண்டு யானைகள். புத்தகத்தில் ஓகரின் திறமை எண் 6. மந்திரவாதிக்கும் கொஞ்சம் பயம் இருக்கட்டும் என்று அதை அந்த இடத்திலேயே 9 ஆக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. நடத்துபவருக்கு அந்த உரிமை உண்டு.

9 வைத்து அடித்தாலும் 24-ஐத் தொட 15 விழ வேண்டும். அவனுக்கு 30 சதவீத ஆபத்துதான். 19-ல் நின்ற என் மகளுக்கு 55. தோல் சட்டை போட்ட ரோக்கின் கவச எண் 15, அவனுக்கு 75 சதவீதம். அந்த அறை அகலமானது. தன் கதாயுதம் தட்டித் தட்டி நழுவும் இரும்பு மனிதனை ஓகர் ஏன் அடித்துக்கொண்டே இருக்கப் போகிறது? கொஞ்சம் புத்தியுள்ள எந்த மிருகமும் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஆளைத்தான் பார்க்கும். நானும் அப்படித்தான் ஆட்டுவித்தேன். இரண்டு யானையும் ரோக்கிடம் போயின.

ரோக்கின் உயிர்ப் புள்ளி 33, அது தீர்ந்தால் விழுந்துவிடுவான். முதல் சுற்றில் இரண்டு அடியும் பட்டன, 14, 16. ரோக்குக்கு ஐந்தாம் நிலையில் ஒரு தற்காப்பு உண்டு. சுற்றுக்கு ஒரு முறை, ஓர் அடியின் வலியைப் பாதியாக்கிக்கொள்ளலாம். 16-ஐ எட்டாக்கினான். மிச்சம் 11. அடுத்த சுற்றில் 13, அதைப் பாதியாக்கி 6 வாங்கினான். மிச்சம் 5. அடுத்தது 12. நான் எண்ணைச் சொன்னேன், அவ்வளவுதான். அந்தப் பையன் தன் சிப்பாய்க் காயைத் தானே எடுத்துப் படுக்கவைத்தான். யாரும் சொல்லவில்லை. தம்பி சீக்கிரமே ரோக்கைத் தூக்கி நிறுத்திவிட்டான், சாகவெல்லாம் இல்லை. ஆனால் பையன் அதற்கப்புறம் அன்று பேசவில்லை. அடுத்த வாரம் பரீட்சை என்றான். அதற்கடுத்த வாரமும் ஏதோ சொன்னான்.

யார் செய்ததும் விதிக்கு முரணானதல்ல. அக்கா மகன் புத்தகத்தில் உள்ளதைத்தான் செய்தான். ஓகரை ஏற்றியது நான். ஆனாலும் உண்மையில் நடந்தது என்ன? ஒருவனுடைய தற்காப்பைத் தாண்டுவதற்காக நான் ஏற்றிய பலம், அந்தத் தற்காப்பு இல்லாதவன் தலையில் விழுந்தது. படாத அடி காணாமல் போய்விடுவதில்லை. அது பக்கத்தில் இருப்பவனிடம் போகிறது. இதைக் கதை பார்த்துக்கொள்ளாது. கதையில் யார் நிற்கிறார்கள், யார் படுக்கிறார்கள் என்பதையே இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

அன்று இரவு பட்டறையில் பயன்படுத்தும் கிராஃப் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவருக்கும் இருபது கட்டம் வரைந்தேன். பகடையின் எந்தெந்த முகம் விழுந்தால் அடி படுமோ அந்தக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்பினேன். அப்போதுதான் இத்தனை வருடமாக நான் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது.

இரும்புக் கவசமே போடாத ஒரு சாதாரண மந்திரவாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரக் கவசமும் சுறுசுறுப்பும் சேர்ந்து அவனுக்கு 15 என்று வையுங்கள். காப்ளினுக்குப் பத்துக் கட்டம், பாதிக்குப் பாதி. அவன் ஷீல்டு போட்டால் 20, ஐந்து கட்டம். ஆபத்து பாதியாகக் குறைகிறது. நியாயமான மந்திரம். அதே மந்திரத்தை, அதே விலை கொடுத்து, இரும்பு போட்டவன் போட்டால் ஆறு கட்டம் ஒரு கட்டமாகிறது. ஆபத்து ஆறில் ஒரு பங்காகிறது. இரண்டு பேருக்கும் கூடுவது 5-தான். ஏற்கெனவே காப்பு அதிகம் உள்ளவனுக்கு அந்த ஐந்தின் மதிப்பு மூன்று மடங்கு. கவச எண் என்பது மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளியும் முந்தைய புள்ளியைவிடக் கனமாகும் ஒரு பொருள். புத்தகமோ எல்லாப் புள்ளிக்கும் ஒரே விலை வைத்திருக்கிறது. இன்னொருவன் மலிவாகப் பாதுகாப்பை வாங்கி அடுக்கும்போது, முன்னால் நிற்பதற்கென்றே பாத்திரம் உருவாக்கிய பெண்ணுக்கு என்ன மிஞ்சும்?

இது இன்றைக்கு வந்த சிக்கலும் இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் மூன்று சிறு புத்தகங்களாக இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது கவச எண் தலைகீழாக இருந்தது. ஒன்றும் போடாதவருக்கு 9, தகட்டுக் கவசமும் கேடயமும் சேர்ந்தால் 2. எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். கேடயத்தின் மதிப்பு அப்போது ஒரே ஒரு புள்ளி. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் எண் கூடக் கூட நல்லது என்று திருப்பினார்கள். கற்றுக்கொள்ள அது எவ்வளவோ எளிது. ஆனால் எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஆசையும் அதோடு வளர்ந்தது. ஐந்தாம் பதிப்பு அந்த அடுக்கைக் கட்டுக்குள் வைக்க முயன்றது, எதிரிகளின் திறமை எண்ணையும் அடக்கி வைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் அடக்கிவைத்த எண்களுக்கு நடுவில் 5 என்பது மிகப் பெரிய எண். சின்னத் தொட்டியில் ஒரு குடம் தண்ணீரைச் சாய்த்த மாதிரி. 2024-ல் திருத்திய புத்தகம் வந்தபோது இதைக் குறைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஷீல்டு அப்படியே 5-ல் நிற்கிறது.

வேறு ஆட்டங்கள் இதை வேறு மாதிரி யோசித்திருக்கின்றன. அதைப் படிக்கும்போதுதான் எனக்குத் தெளிவு வந்தது. 1978-ல் வந்த ரூன்குவெஸ்டில் தடுப்பது தனித் திறமை, அதற்குத் தனியாக உருட்ட வேண்டும். கவசம் அடியைத் தவிர்க்காது, பட்ட அடியின் வலியில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். 1986-ல் வந்த கர்ப்ஸிலும் தடுப்புக்கு உருட்டல் உண்டு, மூன்று பகடை. மூன்றின் கூட்டுத்தொகை தடுப்பு எண்ணைத் தாண்டாவிட்டால் தடுத்தாயிற்று. அதில் தடுப்பு எண் 14 ஆகிவிட்டால் 216-ல் 196 முறை தடுத்துவிடலாம். கைதேர்ந்த இருவர் மோதினால் மாற்றி மாற்றித் தடுத்துக்கொண்டே இருப்பார்கள், சண்டை நகராது. நான் ஒரு முறை நடத்திப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். 2004-ல் வந்த அதன் நான்காம் பதிப்பில் இதற்கு ஒரு வழி உண்டு. தாக்குபவர் தன் திறமையில் 2 விட்டுக்கொடுத்தால் எதிரியின் தடுப்பில் 1 குறையும். ரோல்மாஸ்டரில் இன்னும் நேராகவே கேட்கிறார்கள்: உன் தாக்கும் திறமையில் எவ்வளவை இந்தச் சுற்றில் தற்காப்புக்கு ஒதுக்குகிறாய்? ஒதுக்கிய அளவு உன் தாக்குதல் குறையும்.

எனக்கு மிகவும் பிடித்தது பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு, 2019-ல் வந்தது. அதில் ஒரு சுற்றுக்கு ஒவ்வொருவருக்கும் மூன்று செயல். கேடயம் கையில் இருந்தால் மட்டும் போதாது, உயர்த்திப் பிடிக்க ஒரு செயலைச் செலவழிக்க வேண்டும். அப்போதுதான் கவச எண் 2 கூடும். அப்படி உயர்த்திய கேடயத்தால் ஓர் அடியை வாங்கவும் செய்யலாம். எஃகுக் கேடயத்தின் கடினம் 5, அதற்கு உயிர்ப் புள்ளி 20. ஓகர் 16 அடித்தால் 5 கேடயத்தோடு போகும். மிச்சம் 11 உங்களுக்கும் படும், கேடயத்துக்கும் படும். 20-ல் 11 போனால் 9. பத்துக்குக் கீழே வந்துவிட்டதால் கேடயம் உடைந்தது, பழுது பார்க்கும் வரை உதவாது. தற்காப்பு இருக்கிறது, அது உயிரைக் காக்கிறது, ஆனால் அதற்குக் கொடுத்த விலை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. ஒரு விடுமுறையில் இதை வீட்டில் ஆடிப் பார்த்தோம். மகளின் கேடயம் உடைந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்தாம் பதிப்பில் அவள் மூன்று வருடமாகத் தூக்கிச் சுமக்கும் கேடயத்துக்கு அப்படி ஒரு கணம் வாய்த்ததே இல்லை.

நம் தாயத்தில் மலை என்று சில கட்டங்கள் உண்டு. அங்கே ஏறிய காயை வெட்ட முடியாது. சின்ன வயதில் என் பாட்டியோடு ஆடும்போது காயை மலையிலேயே வைத்திருக்கப் பார்ப்பேன். ஆனால் அங்கேயே இருந்தால் காய் பழம் ஆகாது. தாயம் விழ விழ நகர்த்தித்தான் ஆக வேண்டும், நகர்த்தினால் பின்னால் வருபவர் வெட்டலாம். மலையின் விலை அந்த நகர்வில் இருக்கிறது. படிக்கட்டில் நின்ற அந்த மந்திரவாதியோ மலையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. தற்காப்பு அதிகம் உள்ளவரை எதிரி ஏன் அடிக்க வேண்டும்? என் மகளுக்குப் பல வருடமாக இருந்த குறை இதுதான். இரும்பு மாட்டிக்கொண்டு முன்னால் போய் நிற்பாள், எதிரிகள் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடுவார்கள். 2008-ல் வந்த நான்காம் பதிப்பு இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. போர்வீரன் ஒரு எதிரியைக் குறித்துவைப்பான். அந்த எதிரி அவனை விட்டுவிட்டு வேறு யாரையாவது அடித்தால் பகடையில் 2 குறையும், பக்கத்தில் நின்றால் வீரனிடமிருந்து ஒரு வெட்டும் விழும். அந்தப் பதிப்பைக் குறை சொல்பவர்கள் நிறைய. எனக்கும் அதில் பிடிக்காதவை உண்டு. ஆனால் காப்பவருக்குக் காக்கும் வேலையைக் கொடுத்தது அது. ஐந்தாம் பதிப்பில் அது மெலிந்து, ஒரு பயிற்சி முறையாக ஓரத்தில் நிற்கிறது: கேடயம் வைத்திருப்பவர் ஐந்தடி தூரத்துக்குள் நிற்கும் தோழருக்கு வரும் ஓர் அடியைத் தடுமாறச் செய்யலாம். எதிரி இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். 75 சதவீத ஆபத்து 56-க்கு வந்துவிடும். ரோக்குக்கு அன்று அதுதான் தேவைப்பட்டது. ஆனால் என் மகள் அந்தப் பயிற்சியை எடுக்கவில்லை, தனக்கு ஒரு புள்ளி கூட்டும் பயிற்சியை எடுத்திருந்தாள். இரண்டில் ஒன்றுதான் எடுக்கலாம். நானே அப்போது அதைத்தான் எடுக்கச் சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரம் அக்கா மகனிடம் பேசினேன். முதலில் கோபப்பட்டான். "சித்தி, நான் புக்ல இருக்கிறதைத்தானே பண்றேன்? ரெண்டு வாரம் உட்கார்ந்து யோசிச்சு உருவாக்கினது" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கெட்டிக்காரத்தனத்துக்குத் தண்டனை கொடுப்பது நல்ல ஆட்டம் ஆகாது. நான் வாதாடவில்லை. கிராஃப் தாளை அவன் முன்னால் வைத்தேன். அவனுடைய இருபது கட்டத்தில் காப்ளினுக்கு ஒன்று, நான் ஏற்றிவிட்ட ஓகருக்கு ஆறு. அவன் கொஞ்சம் பெருமையோடுதான் பார்த்தான். அப்புறம் கீழே ரோக்கின் வரிசையைப் பார்த்தான். பதினைந்து கட்டம் கறுப்பு. கொஞ்ச நேரம் விரலால் எண்ணிக்கொண்டிருந்தான். "ஓகருக்கு ஒன்பதா? நீங்க ஆறுன்னுல்ல சொன்னீங்க?" என்று கேட்டான். ஏற்றியதை ஒப்புக்கொண்டேன். "எனக்காகவா?" என்றான். ஆமாம் என்றேன்.

பிறகு நாங்கள் இருவருமாக உட்கார்ந்து இரண்டு விதி எழுதினோம். ஷீல்டு மந்திரமும் கையில் பிடிக்கும் கேடயமும் ஒன்றோடொன்று கூடாது. மந்திரம் போட்டால் கேடயத்தின் 2 அந்த நேரத்துக்குக் கழியும். அப்படியானால் அவனுக்கு 24 வராது, 22 வரும். காப்ளினுக்கு ஆறு கட்டம் மூன்று கட்டமாகும். கவனியுங்கள், சரியாகப் பாதி. கவசம் இல்லாத மந்திரவாதிக்கு அந்த மந்திரம் எவ்வளவு செய்ததோ அதே அளவுதான் இவனுக்கும் செய்கிறது. கணக்கு போட்டுச் சொன்னது அவன்தான். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

இரண்டாவது விதி: கேடயம் பிடித்த போர்வீரர் யாராக இருந்தாலும், தனிப் பயிற்சி எடுக்காவிட்டாலும், பக்கத்தில் நிற்பவருக்கு வரும் ஓர் அடியைத் தடுமாறச் செய்யலாம், சுற்றுக்கு ஒரு முறை. அத்தோடு பழைய ஆட்டக்காரர்களிடையே பல காலமாக இருக்கும் ஒரு வீட்டு விதியையும் சேர்த்துக்கொண்டோம். வேண்டுமென்றால் கேடயத்தை உடையவிட்டு ஓர் அடியை முழுதாக ஒழிக்கலாம். புதுக் கேடயம் வாங்கும் வரை 2 போச்சு. நானும் ஒன்று சேர்த்தேன், எனக்கே போட்டுக்கொண்டது: சண்டை நடுவில் எதிரியின் எண்ணை ஏற்ற மாட்டேன். ஒருவரை எட்ட முடியவில்லை என்றால் பகடையை ஏற்றாமல் வேறு வழி தேட வேண்டும். கவச எண்ணைக் கேட்காத ஆபத்துகள் எத்தனையோ உண்டு. இடியும் கூரை, கழுத்தைப் பிடித்துத் தூக்கும் பூதம். மல்லுக்கட்டுக்கு வலிமையும் சுறுசுறுப்பும்தான் கேள்வி, சங்கிலிக் கவசம் அங்கே உதவாது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனையோ பிள்ளைகள் முதல் முறையாக ஒரு பகடை வாங்கப் போகிறார்கள். அவர்களுக்கு ஆட்டம் நடத்தப் போவது அவர்களுடைய அண்ணனோ, சித்தியோ, பள்ளி ஆசிரியரோதான். அவர்களிடம் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டாம். அடுத்த கட்டுரையில் பகடையின் இருபது முகத்தையும் கட்டம் போட்டுக் காட்டுங்கள். படம் வரைய அரைப் பக்கம் போதும். கதை எழுதுவது எப்படி என்று மூன்று பத்தி எழுதிய கட்டுரையாளருக்கு, கேடயம் பிடித்து நிற்கும் ஆளுக்கு ஒரு பத்தி ஒதுக்க மனம் வரும் என்று நம்புகிறேன்.

அந்தப் பையன் மூன்றாவது சனிக்கிழமை வந்தான். என் மகள்தான் எதிர் வீட்டுக்குப் போய்ப் புது விதியைச் சொல்லி அழைத்து வந்தாள். பாயில் உட்கார்ந்ததும் கேட்டான், "அஞ்சு அடின்னா எத்தனை கட்டம் ஆன்ட்டி?" ஒரு கட்டம் என்றேன். தன் சிப்பாயை எடுத்து என் மகளின் குதிரைக்குப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தான். அவள் குதிரையைக் கொஞ்சம் அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். நான் ஓகர்களை எடுத்து வெளியே வைத்தேன், திறமை எண் 6 என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பீளமேடு, கோயம்புத்தூர்.